தோஷ ஆண்டில் பிறந்த வைன்

பிறந்த நாளையும் நட்சத்திரத்தையும் வைத்து ஒருவரது வாழ்நாள் முழுவதற்கும் தீர்ப்பெழுதும் வழக்கம் நமக்குப் புதியதல்ல. பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லியே எத்தனையோ பெண்களின் திருமணத்தைத் தடுத்த சமூகம் நமது சமூகம். இத்தகைய மூடத்தனம் கீழைத்தேசத்தவருக்கே உரியது என்று மேலைத்தேசத்தவர் ஏளனம் செய்வதுண்டு. ஆனால், பகுத்தறிவின் தாயகம் எனத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பிரான்ஸிலே, ஒரு போத்தல் சிவப்பு வைனுக்கு இன்றளவும் அதே முறையில்தான் சாதகம் கணிக்கப்படுகின்றது. போத்தலில் ஒட்டிய தாளிலே 1973 என்றோ 1987 என்றோ இருந்துவிட்டால் போதும். தக்கையைப் பிடுங்குவதற்கு முன்னரே தீர்ப்பு வந்துவிடும்: "பலவீனமான ஆண்டு."

இந்தத் தீர்ப்பு அரை உண்மை என்பதும், அதனால் இலாபமடைவோர் ஒரு சாராராகவும் இழப்படைவோர் வேறொரு சாராராகவும் இருக்கின்றனர் என்பதுமே எனது வாதம்.

உலகில் எழுதுவதற்கு வேறு விடயமே கிடைக்கவில்லையா என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மதுவின் பெருமையைப் பாடுவது எனது நோக்கமல்ல. முற்கூட்டியே தீர்ப்பு வழங்குவதும், அத்தீர்ப்பை விலையாக மாற்றுவதும், பின்னர் அதனைத் திருத்த மறுப்பதும் ஒரு பத்திரிகையாளன் அக்கறை கொள்ளவேண்டிய விடயங்களே. அவை நாடாளுமன்றத்தில் நடந்தாலென்ன, திராட்சைத் தோட்டத்தில் நடந்தாலென்ன?

பலவீனமான ஆண்டு என்றால் என்ன?

நமது பனங்கள்ளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும்; அதற்கு ஆண்டேது? பிரான்ஸின் தென்மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் காற்றும் மழையும் எட்டும் தூரத்திலே இருக்கின்ற போர்தோவின் நிலை வேறு. அங்கே கொடி ஜூன் மாதமளவில் பூக்கும். ஓகஸ்ட் மாதத்தில் பழம் நிறம் மாறும். செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை அறுவடை நடக்கும். பூக்கும் காலத்தில் குளிரும் மழையும் வந்தால் பிஞ்சு உதிரும். அறுவடைக் காலத்தில் மழை வந்தால் பழம் நீரை உறிஞ்சிச் சாறு நீர்த்துவிடும், அழுகலும் தொற்றும். வெயில் போதாவிட்டால் பழத்தில் சீனி சேராது. ஒரு லீற்றர் சாற்றிலே ஏறத்தாழ 17 கிராம் சீனி இருந்தால்தான் வைனில் ஒரு சதவீத மதுசாரம் உண்டாகும். முற்றாத கபர்னே சோவிஞோன் பழத்திலிருந்து வரும் வைனிலே பச்சை மிளகாயை ஒத்த வாசனை எழும். இவையெல்லாம் இரசாயன உண்மைகள். இவற்றை நான் மறுக்கவில்லை.

இயற்கை கைவிட்ட ஆண்டுகளிலே, புளிப்பதற்கு முன்னர் சாற்றில் சீனியைச் சேர்த்து மதுசாரத்தை உயர்த்துவதற்கும் பிரான்ஸிலே வழியுண்டு. நெப்போலியனின் உள்நாட்டு அமைச்சராகவும் இரசாயன அறிஞராகவும் விளங்கிய சப்தால் 1801இல் எழுதிப் பரப்பிய முறை அது. அவரது பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகின்றது. ஆனால், சீனி மதுசாரத்தைத் தருமேயன்றி முற்றிய பழத்தின் சுவையைத் தராது. ஆகவே நல்ல ஆண்டு, நலிந்த ஆண்டு என்ற வேறுபாடு கட்டுக்கதையன்று.

அப்படியானால் எங்கே தவறு நிகழ்கின்றது? வானிலையைப் பற்றிய ஒரு செய்தி, ஒவ்வொரு போத்தலைப் பற்றிய தீர்ப்பாகவும் மாற்றப்படும் இடத்திலேதான்.

ஓர் ஆண்டு, ஓராயிரம் வைன்கள்

1964 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அறுவடைக்கு முன்னரே பிரெஞ்சு விவசாய அமைச்சுத் தரப்பிலிருந்து, இது நூற்றாண்டின் தலைசிறந்த ஆண்டுகளில் ஒன்றாகப் போகின்றது என்ற ஆரவாரமான அறிவிப்பு வெளிவந்தது. முன்கூட்டியே முதிரும் மெர்லோ பழத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் சென்ற் எமிலியோன், பொமரோல் பகுதிகளிலே அறுவடை நல்லபடியாக முடிந்தது. பின்னர் ஒக்டோபரில் மழை கொட்டியது. தாமதமாக முதிரும் கபர்னே சோவிஞோனுக்காகக் காத்திருந்த மெடொக் பகுதித் தோட்டங்கள் பல அதில் அகப்பட்டுக்கொண்டன. புகழ்பெற்ற லஃபித்தும் மூத்தோனும் அவற்றில் அடங்கும். அதே பகுதியில், அதே மண்ணின் தொடர்ச்சியில் இருக்கின்ற லத்தூர் மழைக்கு முன்னர் பழத்தைப் பறித்து முடித்திருந்தது. அந்த ஆண்டின் லத்தூர் இன்றுவரை பெரும் வைன்களில் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. 1964 நல்ல ஆண்டா, கெட்ட ஆண்டா? எவருடைய தோட்டத்தில், எந்த வாரத்தில் பறித்தது என்று திருப்பிக் கேட்பதே இதற்குரிய நேர்மையான பதில்.

1991 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே போர்தோவை உறைபனி தாக்கியது. துளிர்விட்டிருந்த கொடிகள் கருகின. பொமரோலிலே உலகப் பிரசித்தி பெற்ற பெத்ரூஸ், அந்த ஆண்டின் பெயரால் வைன் எதனையும் வெளியிடவில்லை. ஆனால் ஜிரோந்த் கழிமுகத்தை அண்டிய மெடொக் தோட்டங்கள், நீர்ப்பரப்பு தரும் வெதுவெதுப்பினால் ஒப்பீட்டளவில் தப்பிக்கொண்டன. அந்த ஆண்டின் லத்தூர் மதிப்பான வைனாகவே கருதப்பட்டது. விற்பனையாளரின் அட்டவணையிலோ இந்த இரண்டு நிலைகளுக்கும் ஒரே கட்டம்தான், 1991, பலவீனம்.

ஊரிலே வெள்ளம் வந்தது என்பதற்காக மேட்டுநிலத்து வீட்டையும் வெள்ளத்தில் போன வீட்டின் விலைக்குக் கேட்பவரை நாம் என்னவென்று சொல்வோம்?

ஆறு மாதக் குழந்தைக்கு ஆயுட்தீர்ப்பு

இந்தத் தீர்ப்பு எப்போது எழுதப்படுகின்றது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். இலையுதிர் காலத்தில் பறித்த பழத்தின் வைனை, அடுத்த வசந்தத்திலே, ஏப்ரல் மாதமளவில், விமர்சகர்களும் வணிகர்களும் போர்தோவில் கூடிச் சுவைக்கின்றார்கள். அப்போது வைன் மரப்பீப்பாவிலே இருக்கின்றது. அது போத்தலில் அடைக்கப்படுவதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் செல்லும். அந்தப் பிஞ்சுப் பருவத்திலேயே புள்ளிகள் வழங்கப்படுகின்றன. அப்புள்ளிகளை வைத்து முன்விற்பனை நடைபெறுகின்றது. வாங்குபவர் பணத்தைச் செலுத்திவிட்டுப் போத்தலுக்காகக் காத்திருப்பார்.

1978இல் தனது செய்திமடலைத் தொடங்கிய அமெரிக்க விமர்சகர் றொபேட் பார்க்கர், பள்ளிக்கூடப் பரீட்சையைப் போல 100 புள்ளி முறையைப் பரவச் செய்தார். 2019இல் அவர் ஓய்வுபெற்றார். முறைமை ஓய்வுபெறவில்லை. வைனுக்குப் புள்ளி, ஆண்டுக்கும் ஒரு புள்ளி, அவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறிய அட்டவணை. இதைவிட இலகுவான சாதகப் புத்தகம் வேறெங்கும் கிடையாது.

பத்திரிகை அலுவலகத்திலே நீண்ட காலம் இருந்தவன் என்ற வகையில் எனக்கு ஒன்று தெரியும். முதல் நாள் முன்பக்கத்திலே தடித்த எழுத்தில் வந்த தலைப்பே மக்கள் மனதில் நிற்கும். மூன்றாம் நாள் உட்பக்கத்தின் மூலையிலே வரும் திருத்தத்தை எவரும் வாசிப்பதில்லை. வைனுக்கும் இதுவே கதி. ஆறு மாதத்தில் எழுதிய தலைப்பை, இருபது ஆண்டுகளின் பின்னர் கிண்ணத்தில் நிகழும் உண்மையினால் அழிக்க முடிவதில்லை.

இந்த முறையின் குறைபாட்டை உணர்ந்த குரல்கள் போர்தோவின் உள்ளேயிருந்தே எழாமலுமில்லை. 2012இல் லத்தூர் முன்விற்பனையிலிருந்து விலகிக்கொண்டது. குடிப்பதற்குத் தயாரான பின்னரே வெளியிடுவோம் என்றது. செல்வச் செழிப்புள்ள ஒரு தோட்டத்தினால் அவ்வாறு காத்திருக்க முடிந்தது. மற்றையவர்களுக்கு அந்த வசதி ஏது?

விலை சொல்லும் வேறு கதை

ஆண்டின் தரத்துக்கு ஏற்பத்தானே விலை அமைகின்றது, இதிலென்ன அநீதி என்று கேட்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1972 ஆம் ஆண்டின் போர்தோ வைன்கள் மெலிந்தவை, முற்றாதவை. ஆயினும் ஊகவணிகம் உச்சத்தில் இருந்தபடியால் அவை மிக உயர்ந்த விலைக்கே சந்தைக்கு வந்தன. பின்னர் 1973 ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி எழுந்தது, சந்தை சரிந்தது. அதே 1973இல், தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட மலிவான சிவப்பு வைனுக்குப் போர்தோவின் பெயர் சூட்டப்பட்ட மோசடி அம்பலமாகி, 1974இல் வழக்கு விசாரணை நடைபெற்றது. பெயருக்கும் ஆண்டுக்கும் இருந்த மதிப்பை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு அந்த வழக்கு ஒரு பாடம்.

அந்தப் பாடம் நிலைத்ததா? 1997 ஆம் ஆண்டு, அதற்கு முந்திய 1996ஐ விடத் தரத்தில் தாழ்ந்தது என்பதில் பெரும்பாலானோர் உடன்படுவர். ஆனால், முன்விற்பனையிலே 1997இன் விலை 1996இன் விலையையும் தாண்டியது. சந்தை சூடாக இருக்கும்போது, "எல்லா ஆண்டுக்கும் ஓர் அழகுண்டு" என்பார்கள். சந்தை தணியும்போது, "ஆண்டு சரியில்லை" என்பார்கள். சோதிடர் பரிகாரத்துக்குக் கட்டணம் வாங்கும் முறையும் இதுவேயல்லவா?

பெயரிலே மூத்தோன்

இதன் உச்சத்தை விளக்குவதற்கு ஒரேயொரு போத்தல் போதும். அது மூத்தோன் ரோத்ஷில்ட், 1973.

பிரெஞ்சு மொழியிலே செம்மறியைக் குறிக்கும் சொல்லாயினும், தமிழ்க் காதுக்கு இப்பெயர் தமையனையே நினைவூட்டும். ஆனால், பெயரிலே மூத்தோனாக இருந்தும் பட்டியலிலே அது இரண்டாமவன். 1855இல், மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோவின் வைன் தரகர்கள் விலையை அடிப்படையாக வைத்து ஒரு தரவரிசையைத் தயாரித்தார்கள். முதல் வரிசையில் லஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு மட்டுமே இடம்பெற்றன. மூத்தோன் இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டது. 1922இல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற பரோன் பிலிப் த ரோத்ஷில்ட், இந்த இழிவைப் போக்கப் பல தசாப்தங்கள் போராடினார். 118 ஆண்டுகளின் பின்னர், 1973 ஜூன் மாதத்திலே, அப்போது விவசாய அமைச்சராக இருந்த ஜாக் சிராக் கையொப்பமிட்ட ஆணையினால் மூத்தோன் முதல் வரிசைக்கு உயர்த்தப்பட்டது.

1945இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஓவியரின் படைப்பைப் போத்தல் தாளில் அச்சிடுவது அத்தோட்டத்தின் வழக்கம். 1973 ஏப்ரலில் பிக்காசோ காலமானார். அவருக்கு அஞ்சலியாக அவரது ஓவியமொன்று அந்த ஆண்டின் தாளை அலங்கரித்தது. முதல் வரிசைக்கு உயர்ந்த செய்தியும் அதே தாளில் இடம்பெற்றது.

உள்ளே இருந்த வைனோ? 1973 மிகுந்த விளைச்சலும் மழையும் கூடிய ஆண்டு. வைன்கள் மெலிந்து நீர்த்தவை. ஆணையில் கையொப்பமிடப்பட்ட ஜூன் மாதத்திலே அந்த ஆண்டின் கொடிகள் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் பருவத்தில்தான் நின்றன. பதவி உயர்வுக்கும் அந்தப் பிஞ்சுகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், இன்று அந்தப் போத்தலைச் சேகரிப்போர் போட்டியிட்டு வாங்குகின்றார்கள். அதே ஆண்டில் அயல் தோட்டத்தில் பிறந்த அதே அளவு மெலிந்த வைனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஆண்டுதான் எல்லாம் என்று போதித்தவர்கள், பிக்காசோவின் தாள் கிடைத்தவுடன் ஆண்டை மறந்துவிட்டார்கள். அப்படியானால் அவர்களது விதி என்றுமே சுவை பற்றிய விதியாக இருந்ததில்லை. தோஷமுள்ள பெண்ணுக்குச் சீதனம் பெருத்திருந்தால் தோஷம் கரைந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

கிண்ணத்திலே என்ன இருக்கின்றது?

சில ஆண்டுகளுக்கு முன்னர் பாரிஸிலே, உணவகச் சமையலறைகளில் நீண்டகாலம் உழைத்து ஓய்வுபெற்ற நம்மவர் ஒருவரின் வீட்டிலே, மெடொக் பகுதியைச் சேர்ந்த 1987 ஆம் ஆண்டின் போத்தல் ஒன்று திறக்கப்பட்டது. 1987இன் அறுவடையும் மழையில் நனைந்ததே. விருந்துக்கு வந்திருந்த ஒருவர், ஆண்டைக் கண்டதும், "இதை இறைச்சிக் கறிக்குள் ஊற்றியிருக்கலாமே" என்றார். வீட்டுக்காரர் மறுமொழி சொல்லாமல் ஊற்றினார்.

நிறம் செங்கல் சிவப்பு, ஓரத்தில் மண்ணிறம். உலர்ந்த இலை, சுருட்டுப் பெட்டி, மழை பெய்து ஓய்ந்த தோட்டம் ஆகியவற்றின் வாசனை. வாயிலே கனமில்லை. ஆனால் முள்ளும் இல்லை. இளம் வைனின் துவர்ப்பு முற்றாக அடங்கியிருந்தது. ஏறத்தாழ அரை மணி நேரம் அது நன்றாகவே இருந்தது. பின்னர் காற்றுப் பட்டு மெல்ல வாடத் தொடங்கியது. அதற்குள் போத்தல் முடிந்துவிட்டது. கறிக்குள் ஊற்றச் சொன்னவரே மூன்றாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.

இதனால் 1987 மாபெரும் ஆண்டென்று நான் நிறுவ வரவில்லை. நலிந்த ஆண்டின் வைன் விரைவாக முதிர்ந்து விரைவாக ஓயும், அறுபதாண்டு தாங்காது. பழச்சுவை வடிந்து, புளிப்பும் வறட்சியும் மாத்திரம் எஞ்சிய போத்தல்களும் ஏராளம். அவற்றைப் பழமை என்ற பெயரில் பிறந்தநாள் பரிசாகப் பெருவிலைக்குத் தள்ளிவிடுகின்ற கடைக்காரருக்கும் எனது கண்டனம் உரியது. முதுமையே தகுதியாகிவிடாது. ஆனால், பேராண்டின் வைன் துவர்ப்பு அடங்குவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். மெலிந்த ஆண்டின் வைனோ ஐந்து, பத்து ஆண்டுகளில் மேசைக்கு வந்து தனது கடமையைச் செய்துவிடும். முன்னையதைப் பெரும்பாலும் செல்வந்தர் நிலவறையில் பூட்டிவைக்கின்றார்கள். பின்னையதை மனிதர்கள் குடிக்கின்றார்கள். வைன் எதற்காகச் செய்யப்படுகின்றது?

இழப்பு யாருக்கு?

1855 பட்டியலில் இன்றுள்ள சிவப்பு வைன் தோட்டங்கள் 61. போர்தோவிலே திராட்சை வளர்ப்போர் ஆயிரக்கணக்கானோர். பலவீனமான ஆண்டு வரும்போது அந்த 61இல் பெரும்பாலானவை தாங்கிக்கொள்ளும். நல்ல பழத்தை மட்டும் தெரிந்தெடுத்து, எஞ்சியதை இரண்டாம் பெயரில் விற்க அவற்றால் இயலும். சிறிய விவசாயிக்கு இரண்டாம் பெயர் கிடையாது. சில வேளைகளில் முதற்பெயரே கிடையாது.

2013ஐ எண்ணிப்பாருங்கள். பூக்கும் காலத்தில் குளிரும் மழையும். ஓகஸ்ட் தொடக்கத்தில் ஆந்த்ர்-தூ-மேர் பகுதியை ஆலங்கட்டி மழை அடித்து நொறுக்கியது. அத்தகைய ஆண்டிலே விவசாயி கொடியோடு இரட்டிப்பு உழைப்பை உழைக்கின்றான். அழுகலைக் கையால் அகற்றுகின்றான். வானத்தைப் பார்த்து, நாளை பறிப்பதா நாளை மறுநாள் பறிப்பதா என்று உறக்கமின்றித் தவிக்கின்றான். வெயில் தானாகவே எல்லாவற்றையும் செய்து கொடுத்த ஆண்டிலே எவரும் நல்ல வைன் செய்யலாம். மனிதனின் திறமை தெரிவது நலிந்த ஆண்டிலேதான். அந்த ஆண்டில்தான் அவனுக்கு, சுவைத்தும் பாராமல், ஒரே வார்த்தையில் தண்டனை விதிக்கின்றோம்.

குடிப்பழக்கம் குறைந்து வைன் தேங்கிய காரணத்தால், 2023இல் போர்தோவிலே ஏறத்தாழ 9,500 ஹெக்டேயர் கொடிகளைப் பிடுங்குவதற்கு, ஹெக்டேயருக்கு 6,000 யூரோ வீதம் இழப்பீடு வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த நெருக்கடிக்கு அட்டவணைகள் மட்டும் காரணமல்ல. ஆனால், ஒருபுறம் ஏலத்தில் விலையேறும் போத்தல்களும் மறுபுறம் வேரோடு பிடுங்கப்படும் கொடிகளும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரு சில பெயர்களையும் ஒரு சில ஆண்டுகளையும் மட்டுமே பெரிதாக்கிய பழக்கத்துக்கு அதில் பங்கில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொன்றும் உண்டு. பூமி சூடாகின்றது. 1970களிலே போர்தோவின் சிவப்பு வைன் பன்னிரண்டு சதவீத மதுசாரத்தை ஒட்டியே இருந்தது. இன்று பதினான்கு சாதாரணம். பழம் முற்றாத ஆண்டுகள் அரிதாகி வருகின்றன. வெப்பமும் வறட்சியும் புதிய கவலைகளாகிவிட்டன. அந்தப் பழைய மெலிந்த போத்தல்கள், மறைந்து வருகின்ற ஒரு குளிர்ந்த காலநிலையின் சாட்சியங்கள். சாட்சியைக் கேட்காமலே வழக்கை முடித்துவிடுவது நீதியாகாது.

நான் கேட்பது சலுகையன்று. மெலிந்த வைனை மகத்தான வைன் என்று எவரும் பொய் சொல்லவேண்டாம். அதனை அதன் பருவத்தில் திறவுங்கள். அதற்குரிய விலையைக் கொடுங்கள். கிண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்பைச் சொல்லுங்கள். ஆண்டைப் பாராதே என்று நான் சொல்லவில்லை. ஆண்டைப் பார்த்த பின்னர் வைனையும் பார் என்கின்றேன். சாதகக் கட்டை மூடிவைத்துவிட்டுப் பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசிப்பார் என்று நமது ஊர்ப் பெரியவர்களிடம் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவர்களில் சிலராவது காலப்போக்கில் கேட்டுக்கொண்டார்கள். சட்டைப் பையில் அட்டவணையோடு அலையும் மேலைத்தேசத்துச் சோதிடர்கள் எப்போது கேட்கப் போகின்றார்கள்?